மாடி பஸ்ஸில் ஒரு தமிழ் ரவுண்டு

தசரா வந்துவிட்டால் எங்கள் மைசூருக்குத் தலைகால் புரியாது. ரோட்டுக்கு ரோடு விளக்குத் தோரணம், சர்க்கிளுக்கு சர்க்கிள் கூட்டம், எந்த ஓட்டலிலும் இடம் கிடையாது. விளக்கு பார்க்க வருகிறவர்களுக்கென்றே மேல்கூரை இல்லாத மாடி பஸ் விடுவார்கள். அதில் மைக் பிடித்து ஊரைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. ஆனால் பேசுவதெல்லாம் கன்னடம், இங்கிலீஷ், இந்தி. ஈரோட்டுக்காரர்களும் சேலத்துக்காரர்களும் "என்னம்மா சொல்ற?" என்று என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்காத குறை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பாஷையை இங்கே விழுங்கிக்கொண்டு நிற்பதா?

மேலாளரை நச்சரித்து நச்சரித்து, போன தசராவில் ஒரு தமிழ் ரவுண்டு வாங்கினேன். "ஒந்தே ஒந்து சான்ஸ்," என்றார். ஒரே ஒரு தடவைதான்; நன்றாகப் போனால் தொடரும், சொதப்பினால் அதோடு சரி. கண்ணால் பார்த்துவிடுவோம் என்று அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மாடி நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் சேலத்துப் புதுப்பெண் ஒருத்தி, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை மல்லிகை வாங்க ஓடியிருந்தார். அந்த நேரம் பார்த்து டிராஃபிக் போலீஸ்காரர், வண்டியை இப்போது நிறுத்தாதே, ஒரு சுற்று போய்விட்டு வா என்று விரட்டினார். சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தோம். மாப்பிள்ளையைக் காணோம்.

"அவரு போனும் என் பையிலதான் இருக்குதுக்கா." பெண்ணுக்குக் குரல் உடைந்தது.

புறப்படலாமா, நேரமாச்சு என்று கீழேயிருந்து மேலாளர் கத்தினார்: "ஏனம்மா, ஹொரடோணா? லேட்டாய்து!"

விளக்குப் போடும்போது வண்டி அரண்மனை வாசலில் இல்லாவிட்டால் மாடியே என்னைத் தின்றுவிடும். அதற்காக மாப்பிள்ளையை விட்டுவிட்டா போவது? குதித்திறங்கிப் போலீஸ்காரரிடம் கேட்டேன்.

கையில் பூவோடு ஒருத்தர் வந்தாராம். மாடி பஸ் இங்கே நிற்குமா என்று கேட்டாராம். "'இல்லே, இல்லே' அந்த ஹேளிதெ. ஆமேலே யாக்கே ஓடித்ரு?" 'இல்லே' என்றுதானே சொன்னேன், அப்புறம் ஏன் ஓடினார் என்று போலீஸ்காரர் என்னையே கேட்டார்.

அட கடவுளே! தலையில் அடித்துக்கொண்டேன். கன்னடத்தில் 'இல்லே' என்றால் 'இங்கேயேதான்'. சேலத்துக் காதில் அது 'இல்லை' என்றுதானே விழும்? போதாததற்கு போலீஸ்காரர் கை வேறு வண்டிகளைப் 'போ, போ' என்று தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

மாப்பிள்ளை ஓடியது அரண்மனைப் பக்கமாம். நாங்கள் போகிற பக்கமேதான்! "ரைட், ரைட்!" என்று கத்திக்கொண்டே மேலே ஏறி மைக்கைப் பிடித்தேன். ராஜா கதையெல்லாம் அப்புறம்.

"சேலத்து மாப்பிள்ளையே! பூ வாங்கப் போன மாப்பிள்ளையே! பஸ் இங்க வருது, பொண்ணு அழுவுது, ஓடியாங்க!"

மாடிக்கு அது போதாதா? மொத்தக் கூட்டமும் எழுந்து "மாப்ளே! மாப்ளே!" என்று கத்தியது. ரோட்டோரம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த கன்னடக்காரர்கள்கூட அர்த்தம் தெரியாமலே "மாப்ளே!" என்று சேர்ந்துகொண்டார்கள். என்ன ஊருப்பா இது! எனக்குச் சந்தோஷத்தில் மயிர்க்கூச்செறிந்தது.

அரண்மனை வாசல் கூட்டத்துக்கு மேலே ஒரு பூப்பொட்டலம் உயர்ந்து ஆடியது. "அதோ, அவருதான்!" என்று பெண் அலறவும், அரண்மனை விளக்கு அத்தனையும் எரியவும் சரியாக இருந்தது. விளக்கை விட்டுவிட்டு எல்லோரும் படியேறி வந்த மாப்பிள்ளைக்குக் கை தட்டினார்கள்.

"போலீஸ்காரரே இல்லேன்னுட்டாருங்க," என்று மூச்சு வாங்கினார். நான் விஷயத்தை உடைத்ததும் மாடி சிரித்து உருண்டது. "என்ன மாப்ளே, மைசூருக்கு வந்துட்டு இதுகூடத் தெரியாதா?" என்று நானும் நன்றாக வாரினேன்.

ரவுண்டு முடிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கினோம். மேலாளர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கட்டிப்போன தொண்டையோடு கேட்டேன்: "சார், நாளைக்குத் தமிழ் ரவுண்டு?"

"இல்லே," என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வந்த கோபத்தில், "ஒருத்தர்கூடக் குறை சொல்லலியே சார்!" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இல்லே அம்மா, இதே ஜாகா. நாளேனு பா." இங்கேயேதான், இதே இடத்துக்கு நாளைக்கும் வா என்கிறார்!

பூவும் கையுமாகப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை விடுவாரா? "என்னக்கா, இந்த ஊர்லயே பொறந்தவங்க, இதுகூடத் தெரியாதா?"