மூச்சுக்கு இரண்டு சொல்

சிங்கப்பூர் தேக்கா சந்தைப் பக்கம் ஓர் அம்மாவின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிய திருடனை ஒற்றை ஆளாக மடக்கிப் பிடித்தபோதுதான் என் இடது விலா எலும்புகள் இரண்டில் விரிசல் விழுந்தது. நான் தேத்தண்ணீர் கலக்கும் கடைக்குக் குடிக்க வந்த எல்லாரிடமும் இப்படித்தான் சொன்னேன். அத்தனையும் பொய். திருடனும் இல்லை, கைப்பையும் இல்லை. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலில், மனைவியின் இரண்டு ஈரப் புடவையும் மகளின் நாலு ஜீன்ஸும் தொங்கிய மூங்கில் கழியை, துணி காய வெளியே நீட்டிச் சுவர்க் குழாயில் செருகப் போனேன். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, வாஷிங் மெஷின் மூலையில் போய் விலாவைக் கொடுத்தேன். விழும்போதும் கழியை விடவில்லை. விட்டிருந்தால் பன்னிரண்டு மாடிக்குக் கீழே யார் தலையிலாவது போய் நின்றிருக்கும். என் கதையில் அந்த ஒரு வீரம்தான் உண்மை.

கை முறிந்தால் மாவுக்கட்டு போடுவார்கள், பார்க்க வருகிறவர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள், ஒரு மரியாதை இருக்கும். விலாவுக்கு அதுவும் இல்லை. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த சின்ன வயது டாக்டரம்மா, கட்டெல்லாம் கிடையாது, ஆறு வாரத்தில் தானாகக் கூடிவிடும், மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு மணிக்கொரு தடவை மூச்சை ஆழமாக இழுத்து விடு, இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமு, அடக்காதே என்று ஆங்கிலத்தில் சொன்னார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. என் ஆங்கிலம் தேத்தண்ணீர் ஆங்கிலம். பாலா, பால் இல்லாமலா, சீனி குறைவா, அதோடு சரி. அன்றைக்கு ஆறு வாரம் என்பது மட்டும் புரிந்தது. மற்றதற்கெல்லாம் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் சொந்த வைத்தியத்தைத் தொடங்கினேன். பழைய வேட்டியை நாலாக மடித்து, மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொன்னேன். "டாக்டர் கட்டச் சொன்னாங்களாங்க?" என்று மனைவி கேட்டாள். "அவங்க வீட்ல வேட்டி இல்லை, அதான் சொல்லலை" என்றேன். கட்டிய பிறகு சுகமாக இருந்தது. மூச்சைப் பாதி இழுத்து, வலி தலைகாட்டும் முன்பே விட்டுவிடுவேன். படுத்தால் எழ முடியாது என்பதால் நாற்காலியிலேயே தூங்கினேன். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சிரிப்பு இன்னும் மோசம். யாரோ உள்ளே கையை விட்டு எலும்பைத் திருகுவதுபோல் இருக்கும். மனைவி தொலைக்காட்சியைச் செய்திக்கு மாற்றிவிட்டு ரிமோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊரைச் சிரிக்க வைத்தே காலம் தள்ளியவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

அதைவிடப் பெரிய தண்டனை பேச்சு. ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்தான் வந்தது. மூன்றாவது சொல்லுக்கு மறுபடி மூச்சு வாங்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் எல்லாரும் புகுந்துவிடுவார்கள். "எனக்கு... அந்த..." என்பேன். "தண்ணியா? மாத்திரையா? தண்ணிதானே!" என்று மனைவி ஓடுவாள். நான் கேட்க வந்தது காற்றாடியைப் போடச் சொல்லி. மூன்று நாள் தாகமில்லாமலே தண்ணீர் குடித்தேன். கடை முதலாளி போன் செய்தார். "பாஸ்... திங்கக்கிழமை..." என்றேன். "வந்துடுறியா? நல்லது லா!" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை வர முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு மனிதனின் வாக்கியத்தை மற்றவர்கள் முடித்து வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவனுக்கு அது பேசத் தொடங்கிய நாளிலிருந்தே தெரியும்.

அவன் என் மச்சான், மனைவியின் தம்பி. சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் மாலை ஷிப்டு. சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்தில் நின்றுவிடும், தாடை இறுகும், பிறகுதான் சொல் வரும். குடும்ப விசேஷங்களில் அவனைப்போலப் பேசிக் காட்டுவதுதான் என்னுடைய பெரிய ஐட்டம். அவன் பஸ் டிரைவரிடம் வழி கேட்பது, அதற்குள் பஸ் தீவின் கோடியில் பாசிர் ரிஸ்ஸுக்கே போய்விடுவது என்று நானே கட்டிவிட்ட கதைகள். படிக்காதவனுக்குச் சபையில் நாற்காலி போட மாட்டார்கள், ஆனால் சிரிக்க வைக்கிறவனுக்கு இடம் விடுவார்கள். அந்த இடத்துக்காக நான் அவன் வாயை எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டார் எதிரிலேயே மைக்கைப் பிடித்து, அவன் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற மாதிரி செய்து காட்டினேன். கூடமே சிரித்தது. அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது. நல்லவேளை, கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என் எதிரில் அவன் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. ஆமா, இல்லை, சரி அத்தான். அவ்வளவுதான். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு வசதி பாருங்கள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. மனைவி வேலைக்குப் போக வேண்டும் என்பதால் தம்பியைக் கூப்பிட்டிருந்தாள். காலையில் ரயிலேறித் தீவின் அந்தக் கோடியிலிருந்து வந்தவன் என்னைப் பார்த்தான், நெற்றியைத் தொட்டான், சட்டையைத் தூக்கினான். வேட்டிக் கட்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. உடனே டாக்ஸியை வரவழைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அதே டாக்டரம்மா வேட்டியைப் பார்த்துவிட்டுப் பேசியதில், ஆங்கிலம் தெரியாத எனக்கே அது திட்டு என்று புரிந்தது. மச்சான் நிதானமாகத் தமிழில் எடுத்துச் சொன்னான். இறுக்கிக் கட்டியதால் நுரையீரல் முழுதாக விரியவில்லை, சளி கீழே தங்கிக் கிருமி பிடித்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வார்டில் படுத்திருப்பேன். இனி மூச்சை இழுத்துத்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது. இரண்டு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு. குறுக்கே பேச எனக்கு மூச்சில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் வந்தான். எனக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "வ...வயித்துல கை வைங்க அத்தான்" என்பான். நாலு எண்ணி இழுக்க வேண்டும், கொஞ்சம் பிடிக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். மூன்று எண்ணும்போதே கண்ணில் நீர் வந்துவிடும். நான் இரண்டிலேயே ஏமாற்றி விட்டுவிடுவேன். அவன் கண்டுபிடித்துவிடுவான்.

"வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுறீங்க."

"வலிக்குதுடா... டேய்."

"தெரியும். நானும் அ...அப்படித்தான். வார்த்தை வராதுன்னு, வர்றதுக்கு முன்னாடியே மூச்சைப் பிடிச்சிருவேன். பிடிச்சா இன்னும் வ...வராது. ஸ்கூல் படிக்கிறப்போ தெரபிஸ்ட் சொல்லிக்குடுத்தாங்க. தினம் அரை மணி நேரம், எட்டு வருஷம்."

எட்டு வருஷம். நான் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கியதைச் சரிசெய்ய அவன் எட்டு வருஷம் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு நான் ஏமாற்றவில்லை. நாலு எண்ணினேன். இருமல் வந்தது, தலையணையை அணைத்துக்கொண்டு ஊரே கேட்கிற மாதிரி இருமினேன். அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

அந்த நாட்களில் என் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தவன் அவன் ஒருவன்தான். கடிகாரத்தைப் பார்க்க மாட்டான், தலையை ஆட்டி அவசரப்படுத்த மாட்டான், சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டான். என் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் துணிந்துவிட்டேன். "உன் நிச்சயத்தன்னிக்கு... நான்..." என்றேன். மூச்சு நின்றது. அவன் காத்திருந்தான். உலகத்தில் இருக்கிற நேரமெல்லாம் தன்னிடம் இருப்பதுபோலக் காத்திருந்தான். நான் மூச்சை வாங்கிக்கொண்டு, "தண்ணி" என்றேன். எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தான். அதையும் தாகமில்லாமல்தான் குடித்தேன்.

ஆறு வாரம் ஏழாகி, எட்டாகி, எலும்பு கூடிவிட்டது. வலி போனதும் வாய் திரும்பி வந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. போன சனிக்கிழமை மகளின் இருபத்தோராவது பிறந்தநாளை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் கொண்டாடினோம். கேக் வெட்டியானதும் மனைவியின் சித்தப்பா கத்தினார்: "மாப்பிள்ளை! உடம்பு சரியாயிடுச்சுல்ல? மச்சான் ஐட்டம் ஒண்ணு போடுங்க!" எல்லாரும் நாற்காலியைத் திருப்பினார்கள். மச்சான் தன் மனைவியின் பக்கத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு நின்றான். நான் எழுந்தேன், நாலு எண்ணி மூச்சை இழுத்தேன், எங்கும் வலிக்கவில்லை. "அதை இனிமே செய்ய மாட்டேன். அது தப்பு. அவன்கிட்ட நான் மன்னிப்பு கேட்கணும்" என்றேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "பாருய்யா, மூஞ்சை எப்படி வச்சுக்கிட்டுச் சொல்றாரு!" என்றார் சித்தப்பா. நான் மெய்யாகத்தான் சொன்னேன் என்று சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. வாழ்க்கை முழுக்க விளையாட்டுக்குப் பேசியவனின் மன்னிப்பு அந்தக் கதிக்குத்தான் ஆளாகும். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். இதுவும் ஒரு ஐட்டமா, இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினான்.

அதனால் தனியாகத்தான் சொல்ல வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. நடந்தால் நுரையீரலுக்கு நல்லது என்று சாங்கிக் கடற்கரைக்கு இரவல் கார் ஒன்றில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். முக்கால் மணி நேர ஓட்டம், வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான், சிரிக்க ஆளில்லை. வாய்க்கு வந்தபடி பேசினால் எங்கேயாவது ஒரு ஜோக்கைச் செருகிவிடுவேன் என்று பயந்துதான், காலையிலிருந்து உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிப் பார்க்கிறேன். அவனிடம் சொல்ல வேண்டியதை இனிமேல்தான் எழுத வேண்டும். முதல் வரி, நிச்சயத்தன்றைக்கு மைக்கைப் பிடித்து நான்

போன் அடிக்கிறது. அவன்தான்.

"அத்தான், கீ..."

கீழே வந்துவிட்டேன் என்று சொல்லப் போகிறான். எனக்குத் தெரியும். வண்டிச் சத்தம்கூடக் கேட்கிறது. "யாருங்க போன்ல? ஒண்ணும் பேசாம நிக்கிறீங்க?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்கிறாள். நான் அவளுக்குக் கையைக் காட்டுகிறேன். அந்தச் சொல் அவனுடையது, அவனே சொல்லட்டும். பேனாவை மூடிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.