வீட்டுப் போட்டோ

போன மாதம் எங்கள் பெட்டிக் காமிராவில் எடுத்த எட்டுப் படங்களின் விவரம்:

1. செந்துறையில் எங்கள் வீட்டின் முகப்பு.
2. அதே வீடு, பக்கவாட்டில் — புதிதாக மாற்றிய ஓடு முகப்பில் சரியாக விழாதாம், அப்பா சொன்னார்.
3. உழவு மாடுகள் இரண்டும்.
4. கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் புறப்பட்ட வண்டி.
5. கோயில் வாசலில் அப்பா, குடையுடன்.
6. அதே இடம், அதே அப்பா, குடை இல்லாமல்.
7. வழியில் வந்து சேர்ந்துகொண்ட விக்கிரமங்கலத்து மாமா.
8. மாமா, மறுபடியும் — ஏழாவதில் கண்ணை மூடிவிட்டார்.

எட்டோடு பிலிம் தீர்ந்தது. யுத்த காலத்தில் இன்னொரு சுருளுக்கு எங்கே போவது? அரியலூரில் கேட்டால் பெரம்பலூரில் இருக்கும் என்கிறார்கள். பெரம்பலூரில் கேட்டால்... அரியலூரிலேயே கிடைக்கவில்லையா என்று நம்மைக் கேட்கிறார்கள்.

இவ்வளவும் எதற்கு? என் அண்ணனுக்காக. பட்டாளத்தில் குமாஸ்தா. எந்த ஊரில் என்று சர்க்கார் சொல்லாது. கல்யாணமான மூன்றாம் மாதம் போனவன், அப்பாவுக்கு எழுதியிருந்தான்: 'வீட்டுப் போட்டோ ஒன்று அனுப்பினால் நன்றாயிருக்கும். பார்த்து இரண்டு வருஷமாகிறது.'

பிள்ளைக்கு வீட்டின் மேல் எவ்வளவு பாசம் என்று அப்பா நெகிழ்ந்துபோனார். நான் எக்ஸ்ரே எடுக்கப் படித்தவள். எலும்பையே படம் பிடிக்கிறவளுக்கு ஓடு எம்மாத்திரம்? காமிரா என் கைக்கு வந்தது.

அன்றைக்கு அண்ணி கல்யாணக் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த வெயிலில் கோயிலுக்கு இது எதற்கு என்று அம்மாகூடக் கேட்டாள். அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நாலாவது படத்தின்போது புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். ஆறாவதின்போது அப்பாவின் குடையைப் பிடித்தபடி, காமிராவுக்கு இந்தப் பக்கம், என் அருகில் நின்றாள். எட்டாவது 'க்ளிக்' ஆனதும், 'இன்னும் இருக்கா?' என்று மெதுவாகக் கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். எனக்கு உறைக்கவில்லை. பரீட்சையில் இந்தக் கேள்வி வரவில்லை பாருங்கள்.

சென்ற வாரம் அண்ணனின் பதில் வந்தது. அப்பா உரக்கப் படித்தார். வீடு நன்றாயிருக்கிறதாம். மாடுகள் இளைக்கவில்லையாம். ஆனால் அவன் கேட்டது அது இல்லையாம்.

அப்பாவுக்குக் கோபம். "அப்புறம் எந்த வூட்டக் கேக்குறான்? விக்கிரமங்கலத்து வூட்டயா?"

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. மாமனார் எதிரில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"வூடுன்னு அவுங்க எழுதுனது என்னையத்தாங்க, மாமா."

அப்பா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் அகராதி இருப்பதுபோல. பிறகு, இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் பாய்ந்தார்.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "வூட்ல சொல்லிட்டு வந்துடறேன்னு தெனம் ஊரெல்லாம் சொல்றீங்களே. அது செவுத்துக்கிட்டயா சொல்லிட்டுப் போறீங்க?"

நம் ஆண்பிள்ளைகளைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வயலுக்கு ஒரு பெயர், கிணற்றுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். பெண்டாட்டி மட்டும் 'வீடு'. ஓடு மாற்றினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்களோ, என்னவோ?

மறுநாள் அப்பா பதில் எழுதினார். மூலை முடுக்கு விடாமல் நிரப்புகிற மனுஷர், அரைப் பக்கத்தைக் காலியாக விட்டார். கடிதத்தையும் பேனாவையும் சமையலறை வாசற்படியில் வைத்தார். பிறகு வயலுக்குப் போய்விட்டார்.

இந்த இரண்டு வருஷத்தில் அண்ணி தன் புருஷனுக்கு எழுதும் முதல் கடிதம். அரைப் பக்கம் போதவில்லை. என்னிடம் இன்னும் இரண்டு தாள் வாங்கிக்கொண்டாள். கவரை ஒட்டித்தான் கொடுத்தாள். வீட்டில் யாரும் படிக்கவில்லை. பட்டாளத்துச் சென்ஸார் படிப்பார்; அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

பிலிம் இன்னும் கிடைக்கவில்லை. கடிதம் புதன்கிழமைத் தபாலில் போயிற்று.