வெள்ளிக்கிழமை உப்பும் சீத்தாப்பழ ஐஸும்

1. முதல் நாளே கசப்பு

ஜமுனாமரத்தூரில் எனக்குக் கிராம சேவிகா வேலை. பெண்களுக்குப் பழம் பதனிடக் கற்றுக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேஷன் என் பொறுப்பு. எந்தப் பழமானாலும் கொதிக்க வைத்தால்தான் கிருமி சாகும் என்று ட்ரெய்னிங்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் மாதர் சங்கக் கட்டடத்தில் அடுப்பை மூட்டி, சீத்தாப்பழச் சதையைத் தளதளவென்று கொதிக்க வைத்தேன். ஆறியதும் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். வாயில் வைத்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். நானும் நக்கிப் பார்த்தேன். ஐயோ, அந்தக் கசப்பு!

காசியம்மா என்று ஒருத்தி. சாமை விதைக்கிறவள், கொல்லையில் எட்டுச் சீத்தா மரம் வைத்திருப்பவள். அவள்தான் வாய் திறந்தாள். "இன்னா சேவிகாம்மா, தேனாட்டம் இருந்த பழத்த இப்பிடிப் பண்ணிட்டீங்களே! சீத்தாவ நெருப்பாண்ட காட்டலாமா?"

"தெரிஞ்சா முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க கேக்கவே இல்லியே" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

2. வாசல் தாண்டாத உப்பு

வட்டார அதிகாரியான பி.டி.ஓ. கூப்பிட்டனுப்பினார். "வெள்ளிக்கிழம நானே வந்து பாக்கறேம்மா. ஆள் இல்லன்னா சங்கத்த மூடச் சொல்லி எழுதிடுவேன்." சங்கத்தை மூடினால் அங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாலும் நின்றுவிடும். எல்லாம் என் ஒரு கரண்டிக் கசப்பால்.

நெருப்புதானே ஆகாது, குளிரில் வைப்போம் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ஆலங்காயத்தில் ஐஸ் பாளம் வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி பஸ் ஏறினேன். "இன்னாம்மா, பஸ்ஸுக்குள்ள மழ பெய்யுது!" என்று கண்டக்டர் வழியெல்லாம் கத்தினார். ஐஸைக் காப்பாற்றும் பதற்றத்தில் கல்லுப்புப் பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். உப்பு சேர்ந்தால்தான் ஐஸில் குளிர் ஏறிப் பழம் உறையும். கடையோ பூட்டிக் கிடந்தது. சாக்கைச் சுமந்துகொண்டு காசியம்மா வீட்டுக்கு ஓடினேன்.

"வெள்ளிக்கிழமையா பாத்து உப்பு கேக்கறீங்களே! இன்னிக்கி உப்பு வூட்ட வுட்டுப் போனா லட்சுமியே போய்ட்ட மாதிரி. எவளும் தரமாட்டா."

காலடியில் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காசியம்மா சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அட, அழுவாதீங்க. உப்புதான் வாசல் தாண்டக்கூடாது. ஐஸு தாண்டலாமில்ல? உள்ள கொண்டாங்க!"

பிறகு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். இந்த முறை நான் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தேன். எந்தப் பழம் கனிந்தது, தேன் எவ்வளவு என்று அவர்கள்தான் சொன்னார்கள். கொட்டை எடுத்த சதை, காய்ச்சி ஆறிய பால், மலைத்தேன், அவ்வளவுதான். மூடி போட்ட தூக்கில் ஊற்றி வாளிக்குள் வைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸும் காசியம்மா வீட்டு உப்பும் போட்டோம். கை மாற்றி மாற்றித் தூக்கைச் சுழற்றினோம். "சோறு துன்னியா இல்லியாடி, வேகமா சுத்து!" என்று ஒரே கேலி. திறந்தால், வெள்ளை வெளேரென்று ஓரமெல்லாம் உறைந்திருந்தது.

பூட்டிய சங்கத்தைப் பார்த்த பி.டி.ஓ., எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டுக் காசியம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். காசியம்மா இலையில் ஐஸை வைத்து நீட்டினாள். "சாப்புடுங்க சாரு. சங்கம் இன்னிக்கி எங்க வூட்லதான்."

இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இங்கயே நடத்துங்கம்மா" என்றார். பிள்ளைகளுக்குப் பால் நிற்கவில்லை.

3. மாற்றல்

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கற்றுக்கொடுக்கப் போகிற இடத்தில் முதலில் கேளுங்கள். கூட்டத்துக்கு ஆள் வரவில்லையா, கூட்டத்தை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

சில வருஷம் கழித்துத் திருப்பத்தூருக்கு மாற்றலானேன். கிளம்பிய நாளும் வெள்ளிக்கிழமை. சொல்லிக்கொள்ளப் போனபோது, சும்மா சீண்டுவதற்காக, "காசியம்மா, கொஞ்சம் உப்பு குடேன்" என்றேன்.

முறைத்தாள். அதுவரை என்னை 'நீங்க' தவிர வேறு சொல்லாதவள். "இந்த வூட்டு ஆளுக்கு எவ எடுத்துக் குடுப்பா? அடுப்பாண்ட இருக்குது, நீயே எடுத்துக்கோ" என்றாள்.

ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாசல் தாண்டுவதற்குள் அது கரையட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.