மோதிரம் இறங்காத மத்தியானம்

நான்கு வருடங்களுக்கு முன், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திண்டிவனத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். காலை பத்தரைக்கு, பெண் வீட்டிலேயே. அன்று மாலை ஐந்தரைக்குப் பொம்மையார்பாளையத்துக் கடற்கரை விடுதியில் நான் கிடார் வாசிக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தது என் தப்பில்லை. அதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் தப்பு.

என் ஊர் விழுப்புரம். ஆம்ப்ளிஃபயர், மைக்செட் பழுது பார்ப்பதுதான் அப்போது தொழில். மெல்லிசைக் குழுவிலும் வாசிப்பேன். அதே விடுதிக்கு ஒருமுறை ஸ்பீக்கர் சரிசெய்யப் போனபோது, சோதித்துப் பார்க்க அவர்கள் போட்ட இசையில் ஒரு கிடார் கேட்டது. மெட்டை ஒரு தடவை வாசித்துவிட்டு, அதை வாசித்தவர் தன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ போகிறார். எல்லா இடமும் சுற்றிவிட்டு, சரியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறார். அதற்கு ஜாஸ் என்று பெயர் என்றார்கள். ஸ்பீக்கர் ஒரு மணி நேரத்தில் தயாராகிவிட்டது. நான்தான் சாயங்காலம் வரை அங்கிருந்து கிளம்பவில்லை. அதன் பிறகு ஏழு வருடம் செல்போனில் கேட்டுக் கேட்டு நானாகவே பழகினேன்.

சென்னையைச் சேர்ந்த ஒரு சாக்ஸஃபோன் கலைஞர் தன் குழுவுக்குக் கிடார் வாசிக்க ஆள் தேடுகிறார் என்று தெரிந்து, வீடியோ அனுப்பியிருந்தேன். அந்த ஞாயிறு விடுதியில் தங்கள் கச்சேரி இருப்பதாகவும், அங்கே வந்து சேர்ந்து வாசித்தால் முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்.

பெண் வீட்டார் மோதிரத்துக்கு அளவு கேட்டபோது, நான் அவசரத்தில் ஒரு நூலை விரலில் சுற்றி, வெட்டிக் கொடுத்தனுப்பியிருந்தேன். அது எந்த விரல் என்று எனக்கே நினைவில்லை. நிச்சயத்தன்று வலது கையில் மோதிரம் ஏறவே இல்லை. யாரோ இடது கையில் போடச் சொன்னார்கள். மோதிர விரலில் எண்ணெய் தடவி, ஒரு வழியாகத் தள்ளி ஏற்றினாள் மணப்பெண். எல்லோரும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு முன்பே விரல் கனக்க ஆரம்பித்தது. பின்கட்டுக்குப் போய் சோப்புப் போட்டு இழுத்தேன். இழுக்க இழுக்க வீக்கம்தான் கூடியது. ஒரு மணிக்கு அது சின்னக் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. கிடாரில் தந்தியை அழுத்துவது இடது கை. அந்த விரலோ மடங்கக்கூட இல்லை. யாரிடம் சொல்வது? மாப்பிள்ளை வந்த முதல் நாளே மோதிரம் வேண்டாம் என்கிறான் என்று பேச்சு வராதா? கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பாயசம் குடித்தேன்.

அவள் கவனித்துவிட்டாள். அதுவரை நாங்கள் போனில் மூன்று தடவைதான் பேசியிருந்தோம். பந்திக்குப் பிறகு அருகில் வந்து, கையைக் காட்டச் சொன்னாள். பார்த்ததும் முதலில் சிரித்தாள். கச்சேரியைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

வாசலை ஒட்டியே அவளுடைய தையல் கடை. அங்கே உட்கார வைத்து ஒரு நைலான் நூலை எடுத்தாள். அதற்குள் அவளுடைய அத்தை வந்துவிட்டார்.

"போட்ட மோதிரத்த அன்னிக்கே கழட்டறது நல்லாவா இருக்கும்? நாளைக்குக் கழட்டிக்கட்டும்."

"நாளைக்கி விரலு இருக்கணுமே அத்தை" என்றாள் அவள், தலை நிமிராமலே.

ஊசியின் காதுப் பக்கத்தால் நூல் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து வெளியே எடுத்தாள். மிச்ச நூலை மோதிரத்திலிருந்து விரல் மூட்டு வரை நெருக்கமாக, இறுக்கிச் சுற்றினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அடிநுனியைப் பிடித்து, சுற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தாள். மோதிரம் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, மூட்டைத் தாண்டிக் கழன்றது.

"நீங்க வாசிக்கிறது இன்னான்னு எனக்குத் தெரியாது. ஆனா அது இல்லாம இன்னிக்கி சோறுகூட எறங்கல உங்களுக்கு. போய் வாசிச்சிட்டு வாங்க" என்றாள்.

தனியாகப் போய்வரத்தான் நினைத்தேன். எங்கள் வேன் வாசலிலேயே நின்றதால் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவளும் வந்தாள். பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்று சொல்லி, முதல் ஆளாக ஜன்னலோரம் உட்கார்ந்தது அத்தைதான். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக இருபது பேர் விடுதிக்குள் நுழைந்ததைப் பார்த்து, மேடையில் இருந்தவர்கள் கல்யாணக் கூட்டம் இடம் மாறி வந்துவிட்டதோ என்று விழித்தார்கள்.

வாசிக்க உட்கார்ந்தேன். அந்த விரல் இன்னும் மரத்துப் போயிருந்தது. வாரக்கணக்கில் பழகி வைத்திருந்த வேகமான இடங்கள் எதையும் தொட முடியவில்லை. இரண்டே விரல்களால் கொஞ்சம் வாசிப்பேன், நிறுத்துவேன், மறுபடி கொஞ்சம் வாசிப்பேன். அப்படி நிறுத்திய இடங்களில்தான் டிரம்ஸ்காரர் என்ன சொல்கிறார் என்று முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். அதற்கு ஒரு பதில் தோன்றியது. அதை மட்டும் வாசித்தேன்.

முடிந்ததும், விரல் வீக்கத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்கலாம் என்று சாக்ஸஃபோன்காரரிடம் போனேன். அவர் பேசவே விடவில்லை.

"வீடியோல நீங்க மூச்சே விடல. இன்னிக்கிதான் விட்டீங்க. அடுத்த மாசத்துலேருந்து எங்களோட வாங்க" என்றார்.

வேனுக்குத் திரும்பும்போது அத்தை மெதுவாகச் சொன்னார். "சுதி சேத்துக்கினு இருக்கீங்க, பாட்டு இப்ப வரும், இப்ப வரும்னு பாத்துக்கினே இருந்தேன் மாப்ள. முடிஞ்சி போச்சின்றாங்க. ஆனா காத்து நல்லா இருந்துச்சி."

இன்று வாசிப்பதுதான் என் முழுநேரத் தொழில். எத்தனையோ ஊர்களில் வாசித்துவிட்டேன். என் மனைவிக்கு இப்போதும் ஜாஸ் பிடிபடவில்லை, அதை அவள் மறைப்பதும் இல்லை. தனக்குப் புரியாத ஒன்றுக்காகவும், அது எதிரில் இருப்பவரின் உயிர் என்று தெரிந்தால் போதும், ஒருவர் துணிந்து பக்கத்தில் நிற்கலாம் என்பதை அந்த மத்தியானம் எனக்குக் காட்டியது. அப்படி நிற்க நானும் இன்றுவரை பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.