பாட்டு நம்மது, விளம்பரம் அந்நியம்

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பாம்பனில் பஞ்சாயத்து ரேடியோவுக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், வெளுத்த கதர்ச் சட்டை. ரேடியோ பாடுகிறவரை அதன் திருகிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

நம் நாட்டு நிலையம் அப்போது சினிமாப் பாட்டைக் குறைத்திருந்தது. கடலுக்கு அக்கரையில் கொழும்பு ரேடியோவிலோ நாள் முழுக்கப் பாட்டுத்தான். "கொழும்பு வைங்கண்ணே" என்று கடலுக்குப் போய்வந்தவர்கள் கெஞ்சினால் சீறுவார்: "சர்க்கார் ரேடியோவுல அந்நிய நாடா?"

ஒருநாள் மரைக்காயர் ஒருவர் கேட்டார்: "பாடுறவுக நம்ம ஆளுகதானே, தம்பி?"

ரேடியோக்காரர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "பாட்டு நம்மது, கேக்கலாம். இடையில வர்ற விளம்பரம் அவுகளது. அது இங்கன கேக்கக்கூடாது."

அன்றுமுதல் பாட்டு முடிந்ததும் சத்தத்தைக் குறைத்துவிடுவார். விளம்பரம் முடிந்துவிட்டதா என்று அறியப் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக்கொள்வார். அடுத்த பாட்டு வரும்வரை நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அக்கரையில் என்ன சோப்பு விற்றார்கள் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அந்நிய விளம்பரத்தை ஒன்றுவிடாமல் கேட்டவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். பிறகொருநாள் பக்கத்தில் உட்கார்ந்தபோது, எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காத ஒரு சோப்பு வாசனை அவர்மேல் கமகமவென்று அடித்தது.