பாராட்டினால் கண்ணு பட்டுடும்!

இளையோரைத் தட்டிக்கொடுத்து முன்னேற்றுவதுதான் என் வேலை; தட்டிக்கொடுக்கப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மலேசியாவின் பீடோங் ஊரில் ஒரு கோயில் மண்டபத்துப் பின்னறையில், சனிக்கிழமைதோறும் பதினைந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன். வளர்ந்த பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் பெற்றோரே, ஆசிரியர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

காலியான கட்டம்

எங்கள் இளைஞர் அமைப்பின் தலைமையகத்திலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. இடது பக்கம் 'என் குறைகள்', வலது பக்கம் 'என் நிறைகள்'. பிள்ளைகளிடம் இல்லாததைத் தேடாதே, இருக்கிற நல்லதைப் பிடித்து வளர்த்துவிடு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

இடது பக்கத்தை ஐந்தே நிமிடத்தில் நிரப்பினார்கள். இடம் போதாமல் சிலர் பின்பக்கமும் எழுதினார்கள். வலது பக்கம் அத்தனை ஃபாரத்திலும் காலி. ஷாலினியிடம் போனேன். பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, எனக்குப் படிப்பு வராது, கையுறை ஃபேக்டரிக்குப் போகிறேன் என்று நின்றவள். அவளை எப்படியாவது பரீட்சை எழுத வைக்க வேண்டுமே என்பதுதான் அப்போது என் கவலையெல்லாம். ஒன்றாவது எழுதம்மா என்று கெஞ்சினேன். பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:

"குறைன்னா வீட்லயும் ஸ்கூல்லயும் தினம் சொல்றாங்க, அப்படியே எழுதிட்டேன். நல்லது யாரும் சொன்னதே இல்ல லா அக்கா, எதைப் பார்த்து எழுதறது?"

மிளகாய் நெடி

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையை நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா? மோட்டார் சைக்கிளில் ஷாலினியையும் ஏற்றிக்கொண்டு நேரே அவள் வீடு இருக்கும் தோட்டத்துக்குப் போனேன். ஷாலினியின் அம்மா ராணி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு உரம் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பயிற்சியில் சொன்னபடியே, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஆரம்பித்தேன்: கெட்டிக்காரி, பொறுப்பானவள், கணக்கில் புலி.

ராணிக்கு முகமே மாறிவிட்டது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், சரியான சோம்பேறி இது" என்று என் வாயை அடைத்தார். உள்ளே ஓடி உப்பும் மிளகாயும் அள்ளி வந்து, மகள் தலையை மூன்று முறை சுற்றி, வாசலில் ஒரு பழைய டின்னில் போட்டு எரித்தார். மிளகாய் கருகியது, ஒருவரும் இருமவில்லை. திருஷ்டி பட்டிருந்தால் நெடி வராதாம். ராணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்களுக்கு இவ்ளோ பொல்லாத கண்ணுன்னு எனக்குத் தெரியாது லா!"

தலைவரின் மைக்

வீட்டில் வேண்டாம், வெளியில் பார்ப்போம் என்று கோயில் தலைவரைப் பிடித்தேன். திருவிழா அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் ஷாலினி. கடைசிப் பந்திவரை சோறு இருந்தது. மைக்கில் ரெண்டு வார்த்தை பாராட்டுங்கண்ணே, அந்தப் பிள்ளைக்குத் தெம்பு வரும் என்றேன். "அதுக்கென்ன, பேசிட்டாப் போச்சு" என்று மேடையேறினார். ஷாலினி முன்வரிசையில் இருந்தாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார்:

"போன வருஷம் மாதிரி இந்த வருஷம் சோறு பத்தாமப் போகல. அதுவரைக்கும் சந்தோஷம்!"

இடது பக்கம்

அடுத்த சனிக்கிழமை ஷாலினி வரவில்லை. ஃபேக்டரியில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டாள் என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியாக ஒரு காலி ஃபாரத்தோடு ராணியிடம் போனேன். நல்லதை எழுதச் சொன்னால் மறுபடி மிளகாயைத் தேடுவார் என்று பயந்து, "மகள்கிட்ட இருக்கற குறையை மட்டும் எழுதுங்கக்கா" என்றேன். தமிழ்ப்பள்ளியில் பழகிய குண்டு குண்டான எழுத்தில் இடது பக்கம் முழுக்க எழுதினார்:

'நான் வேலை முடிஞ்சு வந்தா என்னை அடுப்புகிட்ட விடாது, தானே ஆக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துட்டுத்தான் சாப்பிடும். காலு வலிக்குதுன்னு நான் வாயத் திறக்கறதுக்குள்ள தைலத்தோட வந்து நிக்கும். சொன்னா கேக்காது. என் கஷ்டத்தைப் பாத்து, படிப்பு வராதுன்னு பொய் சொல்லிக்கிட்டு ஸ்கூல விடப் பாக்குது.'

ஷாலினியைத் தேடிப்பிடித்து அதைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் பழைய ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, அம்மா எழுதியதை வலது பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"இது மட்டும் குறைதான் லா அக்கா. ஃபேக்டரிக்கு வரலன்னு நாளைக்கே சொல்லிடறேன்."

ஷாலினி பரீட்சை எழுதிவிட்டாள். நானும் இப்போதெல்லாம் பிள்ளைகளைப் பாராட்டப் போகும்போது கைப்பையில் உப்பும் நாலு மிளகாயும் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.