குருத்தோலை முடிச்சிலிருந்து வந்த கல்

என் மூத்த மாப்பிள்ளை துரைராஜ் கையில் பட்டையாக, நீளமாக எது கிடைத்தாலும் அதை முடிச்சுப் போட்டுவிடுவார். ரிப்பன், சேலைப் பெட்டியின் காகித நாடா, எதையும் விடமாட்டார். முடிச்சை மெதுவாக இழுத்து, மடிப்பு மடிப்பாகத் தட்டையாக அழுத்தினால் அஞ்சு மூலை வரும். ஸ்கேல் வேண்டாம், பென்சில் வேண்டாம். அஞ்சு பக்கமும் ஒரே அளவு. மீதி வாலை ஒரு தடவை உள்ளே மடித்து வெயிலில் பிடித்தால் நடுவில் நட்சத்திரம் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் ஐங்கோணம் என்று போடலாமா என்று கேட்கிறாள். வேண்டாம். நான் சொல்வது அஞ்சு மூலை.

இந்தப் பழக்கம் அவருக்குக் குருத்தோலை ஞாயிறில் வந்தது. செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ் ஜனங்கள் எல்லாரும் அன்றைக்குக் கோயிலில் ஓலை வாங்கிச் சிலுவை பின்னுவார்கள். துரைராஜுக்குச் சிலுவை வராது. ஓலையை முடிச்சுப் போட்டு அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பார். என் மகள் புஷ்பாவுக்கு அவரைப் பேசிக்கொண்டிருந்த சமயம், அப்படி ஒரு முடிச்சைத்தான் அவள் கையில் கொடுத்தார். சிலுவை பின்னத் தெரியாதவன் குடும்பத்தை எப்படிப் பின்னுவான் என்று நான் இரண்டு நாள் முரண்டு பிடித்தேன். புஷ்பா அந்த ஓலையைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு மேல் முரண்டு பிடித்தாள். கல்யாணம் நடந்தது.

மாப்பிள்ளையின் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். மகனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, குஷாய்குடாவில் புருஷோத்தமன் என்பவரின் பேவர் கல் பட்டறையில் சேர்ந்தார். ரப்பர் அச்சில் சிமெண்ட் கலவையை ஊற்றி, அதிர்கிற மேசையில் வைத்துக் குலுக்கி, காய்ந்ததும் எடுத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிற வேலை. கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டடமாக முளைத்த காலம் அது. ஒவ்வொரு கம்பெனி வாசலுக்கும் நடைபாதைக் கல் வேண்டும். ஆறு மூலைக் கல், வளைந்து வளைந்து பாம்பு மாதிரி போகிற கல், எல்லாம் போட்டார். ஊரே நான் செய்த கல்லில்தான் நடக்கிறது, ஆனால் அதில் ஒரு கல்கூட என்னுடைய வடிவம் இல்லை என்று சாப்பிடும்போது சொல்லுவார். குறையாகச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டே சொல்லுவார். எனக்குத்தான் சோறு இறங்காது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தைரியம் வந்து தனியாகத் தொழில் தொடங்கினார். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒரு பழைய அதிர்வு மேசை, அவ்வளவுதான். புருஷோத்தமன் கோபப்படவில்லை. அந்த மனுஷன் எதற்கும் கோபப்படமாட்டார், அதுதான் எரிச்சல். மேசைக்கு முன்னால் மாப்பிள்ளை உட்காரும் இரும்பு ஸ்டூலைத் தட்டிக் காட்டி, "இதுல வேற யாரையும் உக்கார விடமாட்டேன் துரை. ஈஸ்டருக்குள்ள நீயே வந்து உக்காருவ," என்றாராம்.

முதல் வேலை எங்கள் கோயில் முற்றம். மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் புழுதி. பங்குச் சாமியார் எட்வின் கூப்பிட்டு, குருத்தோலை ஞாயிறு பவனிக்குள் கல் பாவிவிடு என்றார். அது நன்றாக வந்தால் பார்க்கிறவர்கள் அடுத்த வேலை கொடுப்பார்கள். சொதப்பினால் ஸ்டூல் காத்திருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

மாப்பிள்ளைக்கு யோசனையே இல்லை. தன் பேரில் போடுகிற முதல் கல் அஞ்சு மூலைதான். கெட்டிக் காகிதத்தை அகலமாக வெட்டி முடிச்சுப் போட்டு, அழுத்தி, அந்த அளவுக்குப் பாலாநகரில் அச்சு வார்த்துக்கொண்டு வந்தார். காகிதத்தில் மூன்றை வெட்டி ஒட்டி வைத்துப் பார்த்ததில் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. கத்தரிக்கோல் பிசகு என்று விட்டுவிட்டார். ஓலையே தானாக மடிந்து கொடுக்கிற வடிவத்தைத் தரை வேண்டாம் என்றா சொல்லும் என்பது அவர் கணக்கு. கொட்டகை நிறைய, சாம்பல் நிறத்தில் கல் அடுக்கினார். நானும் தண்ணீர் தெளித்தேன்.

பவனிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முற்றத்தில் மணல் பரப்பிக் கல் வைக்க ஆரம்பித்தார். முதல் கல்லும் இரண்டாவது கல்லும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தன. மூன்றாவதை வைத்தால் நடுவில் ஒரு வாய் திறந்து நிற்கிறது. நாலாவது அந்த வாயில் நுழையவில்லை. திருப்பி வைத்தார், தள்ளி வைத்தார். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறந்தது. சாயங்கால ஜெபத்துக்கு வந்தவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தர் மூலையை உடை என்றார். கால் வழுக்கி விழ இடம் விட்டிருக்கிறாயா என்று கேட்டாள் ஒரு கிழவி, அது நான் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு வரதராஜன் எலக்ட்ரானிக்ஸ் பாக்டரியில் வேலை பார்க்கிறவர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஒரு புள்ளியைச் சுற்றி முழு வட்டம் அடைய முந்நூற்று அறுபது பாகை வேண்டும், இந்தக் கல்லின் மூலை ஒவ்வொன்றும் நூற்றெட்டு, மூன்று வைத்தால் முப்பத்தாறு மிச்சம், நாலு வைத்தால் இடம் பத்தாது என்று விளக்கினார். நாலு மூலை, ஆறு மூலை எல்லாம் அடையும், இது மட்டும் அடையாதாம்.

"அப்ப என் கல்லு தப்பா சார்?" என்றார் மாப்பிள்ளை.

"கல்லு ரொம்ப சரியா இருக்கு துரை. சரியா இருக்கிறதாலதான் சேராது. கொஞ்சம் கோணலா வார்த்திருந்தா சேந்திருக்கும்."

இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தோம். சாமியார் நல்ல மனுஷர், சதுரக் கல்லே போட்டுவிடலாம், புருஷோத்தமனிடம் இருக்குமே என்று சொல்லியனுப்பியிருந்தார். நாளைக்குப் போய் அவரையே கேட்டுவிடுகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னார். கேட்கப் போகிறவர் அந்த ஸ்டூலில் உட்காராமல் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. "போகக் கூடாது," என்றேன். "நக்கோ அத்தை, வேண்டாம். பிடிவாதம் பிடிச்சா கல்லு சேருமா?" என்றார். சேராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் செருப்பை எடுத்து ஒளித்து வைத்தேன்.

புஷ்பா பிளவுஸ் தைப்பவள். தையல் மிஷினை விட்டு எழுந்து கொட்டகைக்குப் போனாள். கல்லை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு எங்களைக் கூப்பிட்டாள். தரையில் கல்லை ஒன்று நேராக, அதை ஒட்டியது தலைகீழாக, அடுத்தது மறுபடி நேராக என்று வரிசை போட்டிருந்தாள். இடைவெளி இருக்கத்தான் இருந்தது. ஆனால் எல்லா இடைவெளியும் ஒரே அச்சு: இரண்டு பக்கமும் கூராக, ஒடிசலான பர்பித் துண்டு மாதிரி.

"அக்குள்ல துணி பத்தலன்னா இழுத்துப் பிடிச்சு தெப்பேனா? ஒட்டுத்துணி வெப்பேன்," என்றாள். "ஓட்டை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருந்தா அது கந்தல். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா டிசைன். போய் ஒட்டு வார்த்துட்டு வாங்க."

மாப்பிள்ளை அவளைப் பார்த்த பார்வையை நான் எழுதச் சொல்லமாட்டேன்.

வரதராஜனைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் சாக்பீஸால் தரையிலேயே கோடு போட்டுப் பார்த்தார். கூர் முனையில் மூன்று கல் சேர்கிறது, மிச்சமாகும் முப்பத்தாறு பாகை அங்கே அப்படியே அடைகிறது. அகன்ற முனையில் இரண்டு கல், அதுவும் அடைகிறது. எவ்வளவு பெரிய முற்றமானாலும் இரண்டு கல்லுக்கு ஒரு ஒட்டு, பிசகவே பிசகாது என்றார். சொல்லும்போது அவருக்கே குஷி தாங்கவில்லை. பாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து சாக்பீஸும் கையுமாக நின்றார், பாதியில் அவரும் கல் தூக்கினார்.

ஒட்டுக்குச் சிவப்புக் காவி கலந்தார் மாப்பிள்ளை. பாலாநகர் அச்சுப் பட்டறைக்காரர் அன்றைக்கே ஒட்டுக்கும் அச்சு வார்த்துக் கொடுத்தார். சாமியார் வந்து பார்த்துவிட்டு அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மணல் வாரினார். சனிக்கிழமை வெயில் சாய்வதற்குள் கடைசிச் சிவப்பை மரச் சுத்தியால் தட்டி உட்கார வைத்தார் மாப்பிள்ளை. அதன் மேல் நான்தான் முதலில் நடப்பேன் என்று சொல்லி, நடந்தேன். வெறுங்காலுக்கு ஒரு இடத்தில்கூட இடறவில்லை.

மறுநாள் பவனி. பச்சை ஓலையும் சாம்பல் கல்லும் சிவப்பு ஒட்டுமாக முற்றமே ஒரு பாயை விரித்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுச் சிவப்பில் மட்டும் கால் வைத்துத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பெரியவர்களும் கொஞ்சம் அப்படித்தான் நடந்தார்கள், கவனித்தேன். புஷ்பா கேலிக்காக மாப்பிள்ளையிடம் ஒரு ஓலையை நீட்டி, இந்த வருஷமாவது சிலுவை பின்னுங்கள் என்றாள். அவர் முடிச்சுத்தான் போட்டார்.

பூசை முடிந்ததும் வாசலில் புருஷோத்தமன் நின்றிருந்தார். சாமியார் சொல்லி வைத்திருந்தும் சதுரக் கல் கேட்டு யாரும் வரவில்லையே என்று பார்க்க வந்தாராம். குனிந்து ஒட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். கச்சிபௌலியில் ஒரு அபார்ட்மெண்ட் தோட்டத்துக்கு இதே மாதிரி வேண்டும், நீ வார்த்துத் தருவாயா என்று கேட்டார்.

"தர்றேன் அண்ணா," என்றார் மாப்பிள்ளை. "ஆனா கல்லு என் கொட்டகையிலதான் வார்ப்பேன்."

"ஹவ், சரி, அங்கயே வார்த்துக்க."

"அப்ப ஸ்டூல் இனிமே உங்களுக்கு எதுக்கு? என் கொட்டகையில உக்கார ஒண்ணும் இல்ல."

புருஷோத்தமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். திங்கட்கிழமை காலையில் அவருடைய டெம்போவிலேயே ஸ்டூல் வந்து இறங்கியது. ஒரு கால் கொஞ்சம் ஆடும். சரி பண்ணட்டுமா என்றார் மாப்பிள்ளை. வேண்டாம், நான் உட்கார்ந்து தண்ணீர் தெளிக்க இதுவே போதும் என்று சொல்லி முதலில் நான் உட்கார்ந்துகொண்டேன்.